நடுங்கிய கரம்

1961ஆம் ஆண்டின் முற்பகுதியில் மட்டக்களப்புக் கச்சேரியின் முன்னே சத்தியாக்கிரகம் இருந்த இளைஞர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்களும் எண்பது வயதைக் கடந்துவிட்டனர். சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்ற சட்டம் 1956இல் நிறைவேறியது. 1961 சனவரி முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதனை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரியின் வாயிலில் அமர்ந்தனர். பின்னர் மட்டக்களப்பு, திருக்கோணமலை, மன்னார், வவுனியா ஆகிய இடங்களுக்கும் அவ்வறப்போர் பரவிற்று. ஏப்ரல் 17ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது; படையினர் வந்தனர்; தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வரலாற்று நூல்களில் இது இரண்டொரு பந்திகளில் முடிந்துவிடும்.

என் தந்தையார் அங்கே அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. ஆரையம்பதியிலிருந்து புறப்பட்டு, காத்தான்குடி, நாவற்குடா, கல்லடி ஆகிய ஊர்களைக் கடந்து, பாலத்தின் வழியே புளியந்தீவை அடைந்து, பழைய ஒல்லாந்தர் கோட்டையினுள் இருந்த கச்சேரிக்குச் செல்வதாயின் ஏறக்குறைய ஐந்து மைல் நடக்கவேண்டும். காலையில் நடந்து போவார். இரவில் நடந்தே வருவார். பாட்டியார் கட்டிக்கொடுத்த சோற்றுப் பொதியைக் காத்தான்குடி நண்பர் ஒருவரோடு பகிர்ந்துண்பது வழக்கம். கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் அன்று ஒரே வரிசையில் அமர்ந்திருந்தனர் என்பதை இக்கால மாணவர்கள் அவசியம் அறிந்திருத்தல் வேண்டும்.

மேலைநாடுகளில் போர்க்களம் சென்று மீண்ட முதியவர்களைத் தனியே மதித்துப் போற்றுகின்றனர். அவர்களுக்குப் பதக்கம் உண்டு, ஓய்வூதியம் உண்டு, ஆண்டுக்கொருமுறை அணிவகுப்பும் உண்டு. கையிலே ஆயுதம் ஏதுமின்றி வெயிலில் அமர்ந்திருந்தவர்களுக்கு இவற்றுள் ஒன்றேனும் இல்லை. என் தந்தையார் அவற்றை எதிர்பார்த்ததுமில்லை. பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த படம் ஒன்றை மட்டும் பெட்டியில் வைத்திருந்தாராம். 1978 நவம்பர் 23ஆம் நாள் அடித்த சூறாவளி வீட்டுக் கூரையோடு அதனையும் கொண்டுபோயிற்று. எனக்கு அப்போது வயது ஒன்றும் நிரம்பவில்லை. அந்தப் படத்தை நான் கண்டதில்லை.

அவர் ஆசிரியராய் வாழ்ந்தவர். எங்கள் பகுதியில் ஆசிரியரைச் 'சட்டம்பியார்' என்பர். ஊரில் அவர் பெயரைச் சொல்லி வீட்டைக் கேட்டால் வழி சொல்லத் தயங்குவோரும், 'சட்டம்பியார் வீடு' என்றால் கூடவே வந்து விட்டுச் செல்வர். கரும்பலகையில் அவர் எழுதும் எழுத்து கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் தெளிவாகத் தெரியும். உருண்டு திரண்ட அந்த எழுத்தைக் கண்டு பொறாமைப்பட்டவர்களுள் நானும் ஒருவன்.

அவ்வெழுத்துத்தான் முதலில் எங்களுக்கு உண்மையைச் சொல்லிற்று. 2009ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய கடிதங்களிலே ஒவ்வொரு வரியும் பெரிதாகத் தொடங்கிப் போகப்போகச் சிறுத்து, ஈற்றில் எறும்பு ஊர்ந்தாற்போல் முடிந்தது. முதுமை என்றே நினைத்தோம். அதற்கும் முன்னர், கருவாடு பொரியும் மணம் தமக்குத் தெரியவில்லை என்று அவர் சொன்னபோது தடிமன் என்று எண்ணினோம். உறக்கத்தில் உரக்கக் கூவிக் கைகால்களை உதறியபோது, அம்மா அதனைக் காத்துக்கறுப்பின் வேலை என்று கருதி நூல் கட்டுவித்தார். மணம் அறியாமை, கனவிற் கூவுதல், மலச்சிக்கல், எழுத்துச் சிறுத்தல் ஆகியவை அந்நோயின் முன்னறிகுறிகளாகப் பல ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றக்கூடும் என்பதைப் பின்னர் வைத்தியர் சொல்லியே அறிந்தோம். வலக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் மாத்திரை உருட்டுவதுபோல ஓயாது அசையத் தொடங்கிய பிறகுதான் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம்.

பார்க்கின்சன் நோய் என்பது அதன் பெயர். ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் வைத்தியர் 1817இல் எழுதிய சிறு நூலொன்றில் இதனை விரிவாக விவரித்தார். நம் நாட்டு வைத்தியத்தில் கம்பவாதம் என்றும், பொதுவழக்கில் நடுக்குவாதம் என்றும் கூறுவர். மூளையின் அடிப்பகுதியில் 'டோபமின்' என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் சிறிது சிறிதாக மடிந்துபோகின்றன. உடலசைவுகள் தங்குதடையின்றி நிகழ்வதற்கு அப்பொருள் இன்றியமையாதது. கை நடுங்குவது கண்ணுக்குத் தெரியும் காலத்தில் அவ்வணுக்களிற் பெரும்பங்கு அழிந்துபோயிருக்கும். நோய் தொற்றுவதன்று. பெரும்பாலானோர்க்குப் பரம்பரையாக வருவதுமன்று. ஆயினும், எங்கள் வீட்டிற்கு வந்த உறவினர் சிலர் அவர் குடித்த கோப்பையைத் தனியே வைத்ததை நான் கண்டதுண்டு.

வைத்தியர் நோயின் பெயரைச் சொன்ன அன்று தந்தையார் வருந்துவார் என்று அஞ்சினேன். அவரோ சிறிதுநேரம் பேசாதிருந்துவிட்டு, "தந்தை செல்வாவுக்கு வந்த வருத்தம்தானே, மனே" என்றார். அக்குரலிலே சற்றுப் பெருமிதம்கூடக் கலந்திருந்ததாக எனக்குத் தோன்றிற்று.

சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களைத் தமிழ் மக்கள் தந்தை என்று அழைத்தனர். 1898 மார்ச்சு 31ஆம் நாள் மலாயாவின் ஈப்போ நகரிலே பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, வழக்கறிஞராவதற்கு முன்னர் ஆசிரியராகவும் பணிபுரிந்தவர் அவர். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். 1957இல் பண்டாரநாயக்காவுடனும் 1965இல் டட்லி சேனநாயக்காவுடனும் ஒப்பந்தங்கள் செய்தார், இரண்டும் நிறைவேறவில்லை. அவருடைய அரசியலின் நிறைகுறைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. தந்தையாரே அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டவரல்லர். ஆனால் நோயை அவர் தாங்கிய விதத்தை மட்டும் எவரும் குறைகூற விடமாட்டார்.

செல்வநாயகம் அவர்கள் ஆண்டுக்கணக்காக நடுக்குவாதத்தோடு வாழ்ந்தார். செவிப்புலனும் குன்றியிருந்தது. மெலிந்த அவர் குரல் கூட்டத்தின் பின்வரிசையை எட்டாது. இன்று நோயாளர் உட்கொள்ளும் 'லெவோடோப்பா' மருந்து 1960களின் பிற்பகுதியிலேதான் வழக்கிற்கு வந்தது. அதற்கு முன்னர் மூளையின் உட்பகுதியில் நுண்கருவியைச் செலுத்தி நடுக்கத்தை அடக்கும் அறுவைச் சிகிச்சையே பெரிய நம்பிக்கையாக இருந்தது. அவரும் பிரித்தானியாவிற்குச் சென்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 1972இல் நாடாளுமன்றப் பதவியைத் துறந்து, இடைத்தேர்தலுக்காக ஈராண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 1975 பெப்ரவரியில் காங்கேசன்துறையில் மீண்டும் போட்டியிட்டு வென்றபோது அவருக்கு எழுபத்தேழு வயது நிறைய ஒரு மாதமும் சில நாள்களுமே இருந்தன. இந்நோயோடு ஒரு சட்டைப் பொத்தானைப் பூட்டுவது எத்துணை வேலை என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கே அத்தேர்தலின் அருமை விளங்கும். 1977இல் வீழ்ந்து தலையில் அடிபட்டு, ஏப்ரல் 26ஆம் நாள் காலமானார்.

தந்தையாருக்கு லெவோடோப்பா கிடைத்தது. முதல் சில ஆண்டுகள் அம்மருந்து மாயம் செய்தது என்றே சொல்லவேண்டும். மீண்டும் துவிச்சக்கர வண்டி ஏறினார். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கிற்குத் தனியே நடந்து போய்க் குளிர்த்தி முடிந்த பின்னரே வீடு திரும்பினார். மருந்தை உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன்னரே கொடுக்கவேண்டும் என்பதை நாங்கள் தாமதமாகவே கற்றோம். மீன், இறைச்சி, பருப்பு முதலியவற்றின் புரதம் அம்மருந்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். வாவி மீன் இல்லாமற் சோறு இறங்காத மனிதருக்கு இது பெருந்தண்டனை. ஆகவே மீனை இரவுக்கு மாற்றினோம். பூனைக்காலி விதையிலும் இதே மருந்துப்பொருள் இயற்கையாக உண்டு என்பது உண்மையே. ஆனால் மாத்திரை உண்போர் வைத்தியரைக் கேளாது அவ்விதைத் தூளையும் சேர்த்து உண்பது அளவு மீறச் செய்யும். இதை வாசிக்கும் குடும்பத்தவர் எவரும் அவ்வாறு செய்யாதிருப்பாராக.

பின்னர் கால்கள் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கின. வாயிற்படியை அடைந்ததும் அப்படியே நின்றுவிடுவார். தள்ளினால் விழுவார். இதற்கு ஓர் உபாயம் உண்டு. தரையிலே குறுக்குக் கோடுகள் இருந்தால், ஒவ்வொரு கோட்டையும் தாண்டுவதாக எண்ணி இந்நோயாளர் நடக்கமுடியும். வீட்டு நடையில் வெண்கட்டியாற் கோடுகள் கீறினேன். முப்பத்தேழு ஆண்டுகள் வெண்கட்டி பிடித்த கை அதைப் பார்த்தது. "கோடு சரிவாயிருக்கு, அடிமட்டம் வைச்சுக் கீறு" என்றார்.

இன்னோர் உபாயத்தைக் கண்டுபிடித்தவள் என் மகள். தந்தையார் இளமையிலே வடமோடிக் கூத்து ஆடியவர். ஒருநாள் அவர் கதவடியில் நின்று தவித்தபோது, அவள் கதவுப் பலகையில் மத்தளம்போல் தட்டி, "தா... தெய்" என்று சொல்லத் தொடங்கினாள். கால் பெயர்ந்தது! தாளத்திற்கு ஏற்ப நான்கு, ஐந்து, ஆறு அடிகள் எடுத்து வைத்து, திண்ணைவரை வந்துவிட்டார். ஒழுங்கான தாளம் இந்நோயாளரின் நடைக்கு உதவும் என்பதை மருத்துவ உலகம் ஆராய்ந்து கண்டிருக்கிறது. நாங்கள் அதை எங்கள் கதவிலே கண்டோம். அதன்பின் எங்கள் வீட்டில் நாள்தோறும் கூத்துத்தான். அயலவர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அவர் முகம்தான் எங்களை மிகவும் வருத்தியது. இந்நோய் முகத்தின் தசைகளை இறுக்கிவிடும். மகிழ்ந்தாலும் சிரிப்பு வெளியே தெரியாது. சின்னப் பேரன், "அப்பப்பா ஏன் என்னோட கோவம்?" என்று கேட்டு அழுதான். தந்தையார் அவனை அருகே அழைத்து, அவன் கையை எடுத்துத் தம் நெஞ்சில் வைத்தார். அவன் அதன்பிறகு அவர் முகத்தைப் பார்த்து மனநிலையை அறிய முயன்றதில்லை. நேரே வந்து நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பான்.

அந்தக் காத்தான்குடி நண்பரைப் பற்றிச் சொல்லாமல் விட இயலாது. நான் அவரை மாமா என்றே அழைப்பேன். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர் கொல்லப்பட்ட 1990 ஆகஸ்ட் மாதமும், அக்காலத்திலே கிழக்கின் தமிழ்க் கிராமங்களில் நிகழ்ந்த கொலைகளும், இரு சமூகத்தாரிடையே எத்தனையோ உறவுகளை அறுத்தெறிந்தன. அடுத்தடுத்த ஊர்களில் இருந்தும் அவ்விருவரும் பல ஆண்டுகள் சந்திக்கவில்லை. நோயைக் கேள்வியுற்று அவர் ஒருநாள் வந்தார். நடுங்கும் கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, "பொலிசுக்காரன் தூக்க வந்த நேரமும் நடுங்காத கை மச்சான், இப்ப என்னத்துக்கு நடுங்குது?" என்றார். தந்தையார் மெல்லிய குரலில், "அண்டைக்கு நீ பக்கத்தில இருந்தாய்" என்றார். அதன்பின் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர் வரத் தவறியதில்லை.

2022ஆம் ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் வீழ்ந்தபோது எரிபொருளோடு மருந்தும் அருகிப்போயிற்று. லெவோடோப்பாவைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தானது. பெற்றோல் இல்லை, மிதிவண்டியில் மருந்துக்கடை கடையாக அலைந்தேன். எங்கும் இல்லை என்ற பதிலே கிடைத்தது. வைத்தியரின் ஆலோசனைப்படி அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, இருந்த மாத்திரைகளை எண்ணியெண்ணிக் கொடுத்தோம். எட்டு நாள்களுக்கே மாத்திரை எஞ்சியிருந்த நிலையில், மாமாவின் மகன் கத்தாரிலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் கையில் நான்கு பெட்டிகள் அனுப்பிவைத்தார். விலையைக் கேட்டதற்கு மாமா என்னைக் கடுமையாக ஏசினார். நான் வாழ்நாளிற் பெற்ற ஏச்சுக்களுள் அத்துணை இனிமையானது வேறில்லை.

ஆனால் அவ்வாண்டு அவரை வெகுவாகத் தளர்த்திவிட்டது. விழுங்குவது சிரமமாயிற்று. மார்கழியில் நிமோனியாக் காய்ச்சல் கண்டு, ஐந்தாம் நாள் விடியற்காலையில், எண்பத்திரண்டாம் வயதில் அமைதியாக உயிர் நீத்தார். இறந்தபின் அவர் கை அசையாதிருந்ததைக் கண்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. பதின்மூன்று ஆண்டுகளாக ஓயாத கை அது.

முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்த மாலையில் மாமா வந்திருந்தார். தந்தையாரின் தலையணைக்கு அடியிலிருந்த பயிற்சிப் புத்தகம் ஒன்றை அவரிடம் காட்டினேன். இறுதி ஆண்டில் அவர் எழுதியது. '1961' என்று மேலே தலைப்பிட்டு, கச்சேரி வாயிலில் தம்மோடு அமர்ந்திருந்தவர்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார். முதற்பெயர் மாமாவினுடையது, அது ஓரளவு தெளிவாக இருந்தது. மொத்தம் பதினேழு பெயர்கள். கீழே போகப்போக எழுத்துச் சிறுத்து, கடைசி நான்கும் வெறும் கீறல்களாகத் தோன்றின. மாமா உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். எவர் எவர் அருகில் அமர்ந்திருந்தார் என்பதை நினைவுபடுத்தி மூன்று பெயர்களைக் கூறினார். அவற்றை அருகில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். பதினேழாவது பெயரை அவராலும் அறியமுடியவில்லை. 'க' என்னும் எழுத்திலே தொடங்குகிறது. நாவற்குடாவிலே வந்து சேர்ந்துகொள்ளும் உயரமான ஒரு பொடியன் என்பது மட்டும் அவர் நினைவில் இருக்கிறது. அப்புத்தகம் என்னிடமே இருக்கின்றது. நாவற்குடாவில் எந்த வீட்டு முதியவராவது அக்காலத்தைப் பற்றிப் பேசியிருந்தால், அவ்வீட்டார் எனக்கு ஒரு வரி எழுதினால் போதும்.