மூக்கு நுனியில் சினிமாத் திரை!
கண்ணை ஏமாற்றும் லென்ஸ்

இந்தப் பத்திரிகையை மூக்கு நுனி வரை கொண்டு வந்து படித்துப் பாருங்கள். எழுத்தெல்லாம் மங்கிவிடும். 25 சென்டிமீட்டருக்குள் வரும் பொருளை நெடுநேரம் உற்றுப் பார்ப்பது கண்ணுக்குச் சிரமம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்!

ஆனால், தலையில் மாட்டிப் படம் பார்க்கும் கருவியில் திரை சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அது மட்டும் எப்படித் தெளிவாகத் தெரிகிறது?

பூதக்கண்ணாடி வித்தை

கண்ணுக்கும் திரைக்கும் நடுவே குவிலென்ஸ் இருக்கிறது. அதன் குவிய தூரத்துக்குச் சற்று உள்ளே திரையை வைத்தால், படம் பெரிதாகி, சில அடி தள்ளி நிற்பது போலத் தோன்றும். பள்ளிக்கூடத்தில் படித்த 'மாயபிம்பம்' இதுதான்.

1968-ம் ஆண்டிலேயே அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லண்ட் இத்தகைய கருவியைச் செய்து காட்டினார். அது கூரையிலிருந்து தொங்கும் இயந்திரக் கையோடு இணைக்கப்பட்டிருந்தது.

கழுத்து வலி

அகலமான காட்சி வேண்டுமானால் லென்ஸ் தடிக்கும். கழுத்து வலிக்கும். எனவே கலங்கரை விளக்கத்துக்காகப் பிரான்சு நாட்டு பிரெனல் கண்டுபிடித்த, வளையம் வளையமாகச் செதுக்கிய மெல்லிய லென்ஸைப் பயன்படுத்தினார்கள். 2016-ல் வந்த 'ரிப்ட்' கருவியில் இருந்தது அந்த வகைதான். ஆனால், வளைய விளிம்புகளில் ஒளி சிதறியது.

பிறகு வந்தது 'பான்கேக்' லென்ஸ். நாலு முழ வேட்டியை மடித்துப் பெட்டியில் வைப்பது போல, ஒளியை முன்னும் பின்னும் திருப்பி, பாதையையே மடித்துவிடுகிறது. 2023-ல் வந்த 'குவெஸ்ட் 3' கருவியில் இருப்பது இதுதான். ஆனால், பாதி ஒளியை மட்டும் விடும் கண்ணாடியை ஒளி இருமுறை சந்திக்கிறது. ஒவ்வொரு முறையும் பாதி போய்விடும். ரூபாயில் நாலணாதான் மிச்சம்!

தலைவலி ஏன்?

இத்தனை செய்தும் ஒரு குறை தீரவில்லை. படத்தில் பந்து முகத்துக்கு நேரே வந்தால், இரு கண்களும் மூக்குப் பக்கம் திரும்புகின்றன. ஆனால், மாயபிம்பம் இருந்த இடத்திலேயே இருப்பதால், கண்ணின் லென்ஸ் தூரத்துக்கே குவிய வேண்டியிருக்கிறது. இந்த இழுபறிதான் கண் சோர்வுக்கும் தலைவலிக்கும் ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே, கருவி வாங்குகிறவர்கள் விலையை மட்டும் பார்க்க வேண்டாம். லென்ஸ்களின் இடைவெளியை உங்கள் கருவிழிகளுக்கு நேராக நகர்த்த முடிகிறதா, மூக்குக்கண்ணாடியோடு மாட்ட முடிகிறதா என்று போட்டுப் பாருங்கள். கண் வலித்தால் உடனே கழற்றிவிடுங்கள். கணக்குப் புத்தகமும் எந்திரமும் பார்த்துப் பிழைக்கும் நமக்குக் கண்தானே முதல்!