மலிவுக் கித்தாரை மதிப்புள்ளதாக்குவோம்



ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் பழமொழி. தன் குறையை மறைக்கப் பிறவற்றைப் பழிப்பவரைச் சுட்ட இதைச் சொல்கிறோம். ஆனால் சில வேளைகளில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிடுவதும் உண்டு. இசை பழக விரும்பும் இளைஞர் பலருக்கு நேர்வது இதுதான். சில நூறு வெள்ளி சேர்த்து, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பேஸ் கித்தார் ஒன்றை வாங்குகின்றனர். ஒரு மாதம் பழகுகின்றனர். விரல் நோகிறது; தந்தி கரகரக்கிறது; கழுத்தில் மேலே செல்லச் செல்லச் சுருதி விலகுகிறது. நமக்கு இசை வராது என்று முடிவு கட்டி, கருவியை அலமாரிக்கு மேல் ஏற்றிவிடுகின்றனர். குறை கையில் இல்லை, கருவியில்தான் இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல அருகில் ஆளில்லை. அக்கருவியை நம் கையாலேயே சீர்ப்படுத்தும் வழியை இன்று விளக்குவோம்.

முதலில் கருவியை அறிவோம். பேஸ் கித்தாருக்கு நான்கு தடித்த தந்திகள். சாதாரணக் கித்தாரின் தாழ்ந்த நான்கு தந்திகளைவிட இவை ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அடுத்தவை 55, 73, 98 முறை. 1930-களில் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பால் டுட்மார்க் என்பவர் மின்சார பேஸ் கித்தார் ஒன்றைச் செய்தார். அது பரவவில்லை. 1951-இல் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' உலகெங்கும் பரவியது. ஆளுயரத்துக்கு நிற்கும் பழைய பேஸ் வாத்தியத்தில் மெட்டுகள் இல்லை; விரல் சற்று நகர்ந்தாலும் சுரம் விலகும். பெண்டரின் கருவியில் மெட்டுகள் இருந்ததால் சுரம் துல்லியமாக விழுந்தது. அதனாலேயே 'துல்லியம்' எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். அதன் தந்தி நீளமான 34 அங்குலமே இன்றும் பெரும்பாலான பேஸ் கித்தார்களுக்கு அளவாக இருக்கிறது.

1961-இல் கிளிப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துச் சென்றனர். பின்னர் இவ்வட்டாரத்தில் கித்தார் குழுக்கள் பெருகின. 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்' என்னும் மலாய்த் தொடரைச் சுருக்கி அவற்றைக் 'குகிரான்' என்றழைத்தனர். அவ்வகைக் குழுவில் தாளத்தையும் பாட்டையும் கட்டி நிறுத்துவது பேஸ் கித்தாரின் பணி. கல்யாண மேடையில் வாசிக்கும் நம் இசைக்குழுக்களிலும் அதன் பணி அதுவே.

விலை குறைந்த கருவியில் எது குறைகிறது? இக்காலத்தில் மரத்தை வெட்டுவதும் கழுத்தைச் செதுக்குவதும் கணினி இயக்கும் இயந்திரங்களின் வேலை. ஆகவே மலிவான கருவியிலும் உடலும் கழுத்தும் பெரும்பாலும் அளவு பிசகாமல் அமைந்திருக்கும். நேரத்தை விழுங்குவது இறுதிக் கைவேலைதான். தந்தியின் உயரத்தைச் சரிசெய்தல், மெட்டுகளை மட்டப்படுத்துதல், ஓரங்களை அரத்தால் தேய்த்தல் ஆகியவற்றுக்கு ஆள் வேண்டும், கூலி வேண்டும். விலையைக் குறைப்பவர்கள் கைவைப்பது இங்கேதான். அடுத்து மலிவான மின் உறுப்புகளைப் போடுகின்றனர். கட்டடம் நன்று, பூச்சுவேலைதான் பாக்கி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பாக்கியைப் பொறுமையுள்ள எவரும் முடிக்கலாம்.

ஆனால் ஒரு குறையை நம்மால் தீர்க்க முடியாது. கடையில் கருவியைக் கையில் எடுத்ததும், துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் கழுத்தின் நீளத்தை ஒரு கண்ணால் பாருங்கள். சற்றே வில்போல் வளைந்திருந்தால் கவலை வேண்டாம். அதற்கு மருந்து உண்டு. கயிறு முறுக்கியதுபோல் ஒரு பக்கமாகத் திருகியிருந்தால் விலை எவ்வளவு குறைவாயினும் வாங்காதீர்கள்.

இனி வேலையின் வரிசையைக் காண்போம். வரிசை முக்கியம், ஒன்றைச் சரிசெய்யாமல் அடுத்ததைத் தொட்டால் செய்த வேலையைத் திரும்பச் செய்ய நேரும்.

முதல் வேலை கழுத்து. புதுத் தந்திகளைப் பூட்டிச் சுருதி சேருங்கள். நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை எழுபது கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு இழுக்கின்றன. அதை எதிர்க்கவே கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. இதை 'ட்ரஸ் ராட்' என்பர். காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் விரிந்து சுருங்கும். மழைக்காலத்தின் ஈரத்திலிருந்து குளிர்சாதன அறைக்குச் சென்றால் கழுத்தின் வளைவு மாறும். தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேருமிடத்து மெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். இப்போது அத்தந்தியே ஓர் அளவுகோல் ஆகிவிடுகிறது. எட்டாம் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். மோட்டார் பட்டறையில் ஸ்பார்க் பிளக் இடைவெளியை அளக்கும் தகடுகள் இதற்குப் போதும். தந்தி அதிரும்போது நடுப்பகுதியே அகலமாக ஆடுவதால்தான் இச்சிறு வளைவு தேவைப்படுகிறது. இடைவெளி மிகுந்தால் ஆறுமுகச் சாவியால் கம்பியை வலப்புறம் திருகி இறுக்குங்கள். இல்லவே இல்லையென்றால் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பின்பு சுருதி சேர்த்து மீண்டும் அளந்து பாருங்கள். திருகு முரண்டு பிடித்தால் வலிந்து திருப்பாமல் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். கம்பி முறிந்தால் கழுத்தே வீணாகும்.

இரண்டாவது, மெட்டுகள். மூன்று மெட்டுகளை மட்டும் தொடும் சிறிய இரும்பு அளவுகோலை அவற்றின்மேல் வையுங்கள். அது சீசாபோல் ஆடினால் நடு மெட்டு உயர்ந்திருக்கிறது என்று பொருள். அம்மெட்டு மரத்தைவிட்டு எழும்பியிருந்தால் மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டினாலே அமர்ந்துவிடும். அமராதபோதுதான் அரம் வேண்டும். மெட்டின் முனைகள் கழுத்தோரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறினால், சிற்றரத்தைச் சாய்வாகப் பிடித்து முனைகளை மழுக்குங்கள்.

மூன்றாவது, கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் பதிந்து செல்லும் சிறு கட்டை. இதை 'நட்' என்பர். மலிவுக் கருவிகளில் இதன் பள்ளங்கள் ஆழமின்றி இருப்பது வழக்கம். முதல் மெட்டருகே அழுத்த விரல் பாடுபடுவதற்குக் காரணம் இதுவே. இரண்டாம் மெட்டுக்கும் மூன்றாம் மெட்டுக்கும் நடுவில் தந்தியை அழுத்திப் பாருங்கள். அப்போது முதல் மெட்டுக்கும் தந்திக்கும் இடையே மயிரிழை அளவே வெளிச்சம் தெரியவேண்டும். மிகுந்திருந்தால், பழைய தந்தித் துண்டில் மணல் தாளைச் சுற்றிப் பள்ளத்தைச் சிறுகச் சிறுகத் தேய்க்கலாம். அளவு மீறினால் வெறுந்தந்தி கரகரக்கும். பிறகு கட்டையையே மாற்ற நேரும்.

நான்காவது, மறுமுனையில் உள்ள குதிரை. வீணையின் குதிரையைப் போல இதுவும் தந்திகளைத் தாங்குகிறது. ஒவ்வொரு தந்திக்கும் ஏற்றி இறக்கவும் முன்பின் நகர்த்தவும் திருகுகள் உண்டு. பதினேழாம் மெட்டுக்கு மேல் தடித்த தந்தி ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டரும் மெல்லிய தந்தி 2 மில்லிமீட்டரும் உயர்ந்திருப்பது நல்ல தொடக்கம். பின்பு ஸ்வரத் துல்லியத்தைப் பாருங்கள். பன்னிரண்டாம் மெட்டு தந்தி நீளத்தின் சரிபாதியில், அதாவது 17 அங்குலத்தில் இருக்கிறது. பாதி நீளம் இரு மடங்கு அதிர்வு. ஆகவே அங்கு வெறுந்தந்தியின் மேல் ஸ்தாயி கேட்கவேண்டும். ஆனால் அழுத்தும்போது தந்தி சற்று இழுபடுவதால் சுருதி ஏறிவிடுகிறது. அவ்வேற்றத்தை ஈடுசெய்யத் தந்தியைச் சற்று நீளமாக விடவேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் சுருதி ஏறியிருந்தால் குதிரைத் துண்டைக் கழுத்தைவிட்டு அப்பால் நகர்த்துங்கள். இறங்கியிருந்தால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள். சுருதி காட்டும் சிறு கருவியோ கைப்பேசியில் உள்ள செயலியோ இதற்குப் போதும்.

இதுவரை சொன்னவற்றுக்குத் தந்தியின் விலை தவிரப் பெரிய செலவில்லை. பல கருவிகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. இந்நிலையில் ஒரு மாதம் வாசித்துப் பார்த்தபின்னரே மின் உறுப்புகளைப் பற்றி எண்ணுங்கள்.

தந்திகளுக்குக் கீழே உள்ள 'பிக்கப்' என்பது காந்தமும், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய சுருளும் ஆகும். இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்த விதி இதுவே. அச்சுருள் தந்தியின் அதிர்வை மட்டுமன்றி, வீட்டு மின்சாரத்தின் அலையையும் வாங்கிக்கொள்ளும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. மிகத் தாழ்ந்த தந்தியின் மூன்றாம் மெட்டில் பிறக்கும் ஒலியோ 49 அதிர்வு. ஆகவே அந்த இரைச்சல் பேஸ் கித்தாரின் ஸ்வரங்களுக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒலிபெருக்கி இரைகிறதா? தந்திகளைக் கையால் தொடுங்கள். இரைச்சல் குறைந்தால் எர்த் இணைப்பு சரி. கருவிக்கு உறைதான் இல்லை. மின் உறுப்புகள் உள்ள குழி முழுவதும் ஒட்டுப்பசையுள்ள செப்புத் தாளை ஒட்டி, துண்டுகளை ஒன்றோடொன்று ஈயம் வைத்து இணைத்து, எர்த் கம்பியோடு சேருங்கள். மற்றக் கம்பிமுனைகள் செப்புத் தாளைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தந்தியைத் தொட்டும் மாற்றமில்லை, கம்பி சொருகும் உலோகத் துளையைத் தொட்டால்தான் குறைகிறது என்றால் குதிரைக்குச் செல்லும் எர்த் கம்பி அறுந்திருக்கிறது. அதைப் பற்றவைத்தால் போதும். ஒலி அளவுத் திருகி கரகரத்தால் 250 கிலோ ஓம் அளவுள்ள நல்லதொன்றை மாற்றுங்கள். தொனியை மாற்றும் திருகியோடு 0.047 மைக்ரோபேரட் மின்தேக்கி பொருத்துவது வழக்கம். அது கூரிய ஒலியை எர்த்துக்கு வடித்துவிடும். பிக்கப்பை மாற்றுவதுதான் செலவு மிக்க வேலை. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கித்தாருக்குள் ஓடும் மின்சாரம் மிகச் சிறிது, அதனால் ஆபத்தில்லை. ஒலிபெருக்கியைத் திறக்கவே கூடாது. சுவர்ச் சொருகியிலிருந்து பிடுங்கிய பின்னரும் அதன் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். மேலும், கித்தாரின் தந்திகள் குதிரை வழியாக ஒலிபெருக்கியின் எர்த்தோடு இணைந்துள்ளன. இரைச்சல் குறையும் என்றெண்ணி மூன்று முனைச் சொருகியின் எர்த் இணைப்பைத் துண்டித்துவிட்டால், ஒலிபெருக்கியில் கோளாறு நேரும்போது வாசிப்பவர் தொடுவது தந்தியல்ல, மின்கம்பி. ஈரத் தரையில் போட்ட திருவிழா மேடையில் இதை மறக்கக்கூடாது. ஈயம் பற்றவைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

கருவியைத் தம் விருப்பப்படி மாற்ற எண்ணுவோர் செய்யும் பெரிய மாற்றம் மெட்டுகளை அகற்றுவது. வீணையில் மெழுகில் பதித்த 24 மெட்டுகள் உண்டு. கோட்டுவாத்தியத்தில் மெட்டே இல்லை. அவ்வேறுபாடே இங்கும். மெட்டில்லாத பேஸில் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குப் படியின்றி வழுக்கிச் செல்லலாம். அமெரிக்கக் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1976-இல் தம் பெயரிலேயே வெளியிட்ட இசைத்தட்டு இவ்வொலியை உலகுக்கு எடுத்துக்காட்டியது. மெட்டைச் சூடாக்கி மெல்லக் கழற்றி, பள்ளங்களில் மெல்லிய மரத்தகடு செருகி, மட்டமாகத் தேய்ப்பது முறை. மெட்டின் உயரம் போய்விடுவதால் தலைப்பக்கக் கட்டையையும் தாழ்த்தவேண்டும். ஆனால் கழற்றிய மெட்டைத் திரும்பப் பதிப்பது எளிதன்று. பல கருவிகளில் கழுத்து நான்கு திருகாணிகளால்தான் பூட்டப்பட்டிருக்கும். வேறொரு கழுத்து கிடைத்தால் அதில் இவ்வேலையைச் செய்து, பழையதைப் பத்திரப்படுத்துவது அறிவுடைமை.

செலவு விஷயத்தில் ஒரு கணக்கு. மாற்றிய உறுப்புகளுக்குக் கொடுத்த பணம், கருவியை விற்கும்போது திரும்பி வருவது அரிது. ஆகவே கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் ஒரு பழைய டப்பாவில் போட்டு வையுங்கள். விற்க நேர்ந்தால் பழையதைப் பூட்டி விற்கலாம்; புதியதை அடுத்த கருவிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம் செய்யுங்கள். எதை, எவ்வளவு மாற்றினோம் என்பதை ஏட்டில் குறித்து வையுங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால் எதனால் நன்மை விளைந்தது என்பது விளங்காது.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை ஒரு கருவியை விட்டுவிட்டால், சோம்பல் என்று உடனே கடிந்துகொள்ளாதீர்கள். அக்கருவியை வாசிக்கத் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவருக்கும் அது இணங்காவிட்டால், மேலே சொன்ன வரிசைப்படி பிள்ளையோடு உட்கார்ந்து அளந்து பாருங்கள். பின்னமும் விகிதமும் காந்தமும் மின்சாரமும் பாடநூலில் மட்டும் இருப்பவை அல்ல என்பதை அவன் விரல்களே அறிந்துகொள்ளும். அளந்து பார்த்து, சீர்செய்து, அதன் பின்னும் இசை வரவில்லையென்றால், அப்போது தேவை இன்னும் கொஞ்சம் பயிற்சிதான்.