பழைய பெட்டியில் தெளிந்த சித்திரம்

படக்குழாய் கொண்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் வீடியோ கேம் ஆடுகிறவர்கள், சித்திரம் மங்கலாகவும் எழுத்துகளின் ஓரங்களில் வர்ணம் கசிந்தும் தெரிவதைக் கண்டு, பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று தீர்மானித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அநியாயமான தீர்ப்பு. குற்றம் படக்குழாயில் இல்லை. விளையாட்டுச் சாதனத்திலிருந்து சித்திரத்தைச் சுமந்துவரும் அந்த ஒற்றை மஞ்சள் கம்பியில் இருக்கிறது.

இதன் காரணத்தை அறிய 1953-ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். அமெரிக்காவில் வர்ண ஒளிபரப்புக்கு விதி வகுத்த நிபுணர்கள், மக்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் பயனற்றுப் போகக்கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு, ஒளியின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் பழைய சமிக்ஞைக்குள்ளேயே, ஏறக்குறைய 3.58 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், வர்ணத்தையும் பொதிந்து அனுப்பும் யுக்தியைக் கையாண்டார்கள். மஞ்சள் கம்பி இன்றுவரை அந்த ஏற்பாட்டையே பின்பற்றுகிறது. ஒளியும் வர்ணமும் கலந்து வர, பெட்டி அவற்றை மறுபடி பிரிக்கப் பிரயத்தனப்படுகிறது. பிரிபடாமல் நின்றுவிடுகிற மிச்சமே, நிற எல்லைகளில் ஊர்ந்து செல்லும் புள்ளிகளாகவும், நுண்ணிய கோடுகளின் மேல் தோன்றும் பொய் வர்ணங்களாகவும் நம் கண்ணில் படுகிறது.

ஆகையால், முதலிலேயே கலக்காமல் அனுப்புவதுதான் பரிகாரம். நான்கு ஊசிகள் கொண்ட எஸ்-வீடியோ கம்பி ஒளியையும் வர்ணத்தையும் வெவ்வேறாகக் கொண்டுவருகிறது. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று முனைகளாக வரும் காம்போனென்ட் கம்பி வர்ணச் செய்தியையும் இரண்டாக வகுத்துக் கொடுக்கிறது. 1980 முதல் பிரான்ஸில் விற்கப்படும் பெட்டிகளில் கட்டாயமாக்கப்பட்டு, பிறகு ஐரோப்பா முழுவதும் பரவிய 21 ஊசி ஸ்கார்ட் இணைப்பிலோ, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று மூல வர்ணங்களும் தனித்தனியே வந்து சேரும். 1988-இல் ஜப்பானில் வெளிவந்த மெகா டிரைவும், 1990-இல் வந்த சூப்பர் ஃபேமிகாமும் இந்த மூன்று வர்ணங்களையும் தனித்தனியே வெளியிடும் வசதியோடுதான் பிறந்தன. அவற்றை ஏற்கும் துவாரம் அமெரிக்க வீட்டுப் பெட்டிகளில் இல்லாமையால் அந்தச் செல்வம் அங்கே வீணாயிற்று. பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர், தம் பெட்டியின் பின்புறம் காம்போனென்ட் துவாரங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். இருக்குமானால், ஒரு கம்பியின் விலையில் கிடைக்கும் மாறுதல் வேறெந்தச் செலவிலும் கிடைக்காது. ஒலிக்கும் ஒரு சிவப்பு முனை உண்டு. அதைச் சித்திரத்தின் சிவப்போடு மாற்றிச் செருகிவிடக் கூடாது.

ஆனால், கூர்மை ஒன்றையே நாடுவது சரியாகுமா என்ற கேள்வியும் எனக்கு உண்டு. அந்நாளைய சித்திரக்காரர்கள் படக்குழாயின் சுபாவத்தை நன்கு அறிந்தே வரைந்தார்கள். 1991-இல் வந்த சோனிக் என்ற ஆட்டத்தின் நீர்வீழ்ச்சி, உண்மையில் இடைவெளி விட்டு வரையப்பட்ட செங்குத்துக் கோடுகளின் வரிசையே. மஞ்சள் கம்பியின் மங்கலில் அக்கோடுகள் ஒன்றில் ஒன்று கரைந்து, பின்னால் இருப்பதைக் காட்டும் தண்ணீராகிவிடுகின்றன. துல்லியமான கம்பியை மாட்டியதும் தண்ணீர் மறைந்து கோடுகள் மிஞ்சுகின்றன. அந்த ஓர் ஆட்டத்துக்கு நான் மங்கலையே விரும்புவேன். அவ்வாறே, தொலைக்காட்சி ஒளிபரப்பு ஒற்றைப்படைக் கோடுகளையும் இரட்டைப்படைக் கோடுகளையும் மாற்றி மாற்றி வரைய, அந்தக் காலத்து விளையாட்டுச் சாதனங்கள் பெரும்பாலும் ஒரே கோடுகளின் மேலேயே, ஜப்பானிய, அமெரிக்க முறையில் விநாடிக்கு ஏறத்தாழ 60 தடவை வரைந்தன. அதனால் கோடுகளுக்கிடையே தங்கும் மெல்லிய இருட்டு, குறையென்று போக்கத்தக்கதன்று, சித்திரத்தின் ஓர் அங்கமே.

கம்பி சரியானபின் பெட்டியின் அமைப்புகளுக்கு வருவோம். கடையில் பலர் கண்ணைக் கவரும்பொருட்டு உச்சத்தில் வைக்கப்பட்ட காண்ட்ராஸ்ட் அப்படியே வீட்டிலும் நின்றுவிடுவதுண்டு. வெண்மையான பாகங்கள் தம் எல்லையை மீறி உப்பாத அளவுக்கு அதைத் தாழ்த்த வேண்டும். பிரைட்னஸை, கறுப்பு சாம்பலாகாமலும் இருளில் உள்ள உருவங்கள் மறைந்துபோகாமலும் நிற்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஷார்ப்னஸ் என்பது இல்லாத கூர்மையை ஓரங்களில் வெள்ளைக்கோடாகப் பூசிக் காட்டும் பாசாங்கு. அதைத் தயக்கமின்றிக் குறைக்கலாம். இவற்றையெல்லாம் பெட்டி சூடேறிச் சற்று நேரமான பின்பே செய்வது உத்தமம். 100 ஹெர்ட்ஸ் என்று பெருமையோடு விற்ற பிற்காலப் பெட்டிகள் சித்திரத்தை உள்ளே சேமித்து மறுபடி வரைவதால், பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையே தாமதம் நேர்கிறது. விளையாட்டுக்கு எளிய பழைய பெட்டியே மேல்.

திரையின் ஒரு மூலையில் பச்சையோ ஊதாவோ திட்டாகப் படிந்தால், அருகில் வைத்த ஒலிபெருக்கியின் காந்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதை விலக்கிவிட்டுப் பெட்டியை மெயின் சுவிட்சில் அணைத்து, அரைமணி நேரம் ஆறவிட்டு மறுபடி போட்டால், பெட்டிக்குள்ளேயே அமைந்த காந்தநீக்கச் சுருள் பெரும்பாலும் அதைத் துடைத்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் அனுபவமுள்ள டிவி மெக்கானிக்கை அழைக்க வேண்டுமேயன்றி, மூடியைத் தாமே கழற்றலாகாது. வர்ணப் படக்குழாய்க்குள் 20,000 வோல்டுக்கும் மேலான அழுத்தம் இயங்குகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கக்கூடும்.