பிரேக் பிடித்தால் பைக் ஏன் குனிகிறது?

காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடிக்கோ கானாடுகாத்தானுக்கோ பைக்கில் போகிறவர்களுக்கு இது பழகிய அனுபவம்தான். வேகத்தடை திடீரென்று கண்ணில் படுகிறது, முன் பிரேக்கை அழுத்துகிறோம், வண்டியின் மூக்கு அமுங்குகிறது. அமுங்கிய நிலையிலேயே சக்கரம் தடையில் ஏற, மணிக்கட்டில் ணங்கென்று அடி விழுகிறது. சாலை போட்டவரைத் திட்டிக்கொண்டே போகிறோம். ஆனால் பாதிக் குற்றம் முன் ஃபோர்க்குடையது. இன்றைய பைக்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது டெலஸ்கோப்பிக் ஃபோர்க். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வழுக்கும் இரண்டு ஜோடிக் குழாய்கள், உள்ளே ஸ்பிரிங், கொஞ்சம் ஆயில், அவ்வளவுதான். சக்கரத்தைத் திருப்புவது, பள்ளத்தை வாங்கிக்கொள்வது, பிரேக்கின் விசையைத் தாங்குவது ஆகிய மூன்று வேலையும் அந்தக் குழாய்களின் தலையிலேயே விழுகிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்ந்து ஸ்பிரிங் சுருங்குகிறது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் என்று வைத்திருந்த அசைவில் பெரும்பங்கு அங்கேயே செலவாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, விசையில் குழாய் இம்மியளவு வளைவதால், கோணலாக இழுத்த மேசை டிராயரைப் போல வழுக்க மறுக்கிறது.

இதற்கு மாற்று தேடிய பொறியாளர்களின் வண்டிகள் ஏதோ வெளிநாட்டுக் காட்சிப்பொருள் என்று நினைக்க வேண்டாம். நம் அப்பாக்கள் ஓட்டியதே அவைதான். போலந்தின் எஸ்.எச்.எல். வண்டியை ஒட்டி எஸ்கார்ட்ஸ் தயாரித்த ராஜ்தூத் 175-இல், முன்சக்கரத்தைப் பிடித்திருந்தது பின்னாலிருந்து முன்னோக்கி நீளும் ஒரு கை. பிரிட்டனின் எர்னஸ்ட் ஏர்ல்ஸ் பெயரால் அறியப்படும் இந்த வகையை பி.எம்.டபிள்யூ. நிறுவனமும் 1955 முதல் 1969 வரை பயன்படுத்தியது. பிரேக் பிடித்தால் இது குனியாது, சற்று எழும்பக்கூடச் செய்யும். பால்கேன் கட்டிய ராஜ்தூத்துகளை ஊர் ஊராகப் பார்த்தவர்களுக்கு அதன் உழைப்பைச் சொல்லத் தேவையில்லை. விலையாக, கனமான இரும்பு முழுவதையும் ஹேண்டில்பாரோடு சேர்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. 1972 முதல் வந்த பஜாஜ் சேத்தக்கின் கதை வேறு. அதன் மூலமான வெஸ்பாவை 1946-இல் வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். விமானச் சக்கரத்தைப் போல ஒரே பக்கத்தில் பிடித்த முன்சக்கரம் அவருடையது. பஞ்சரானால் சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். சைக்கிள் கடைகூட இல்லாத கண்மாய்க்கரைச் சாலைகளில் இது எத்தனை பெரிய வசதி! ஆனால் கை பின்னோக்கி இருந்ததாலும், பிரேக் தட்டு அந்தக் கையிலேயே பொருந்தியிருந்ததாலும், குனிவது குறையவில்லை, கூடியது. வழக்கத்துக்கு மாறானது என்பதாலேயே ஒன்று மேலானதாகிவிடாது. ஒரு குறையை நீக்கும் வடிவம் இன்னொன்றை உள்ளே விடும். எந்தக் குறை நமக்கு அதிகம் வலிக்கிறது என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள ஒசூருக்குப் போனால் போதும். அதற்கு முன் ஒரு சின்னப் பின்னணி: பி.எம்.டபிள்யூ. 1993-இல் ஆர்1100ஆர்.எஸ். வண்டியில் டெலிலீவர் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. குழாய்கள் உண்டு, ஆனால் அவற்றுக்குள் ஸ்பிரிங் கிடையாது. எஞ்சினிலிருந்து நீளும் ஒரு கையும் தனியாக நிற்கும் ஒரு ஷாக் அப்சார்பரும் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. பிரேக் பிடித்தால் மூக்கு கொஞ்சம்தான் குனிகிறது. இன்றும் அந்த நிறுவனத்தின் பெரிய நெடும்பயண பைக்குகளில் அது இருக்கிறது. ஆனால் டி.வி.எஸ். நிறுவனம் அதே பி.எம்.டபிள்யூ.வுக்காக ஒசூரில் தயாரித்த ஜி310 வரிசையில் இருந்தது சாதாரண டெலஸ்கோப்பிக்தான், தலைகீழாக மாட்டிய வகை. அந்த நிறுவனத்தின் அதிவேக எஸ்1000ஆர்.ஆர். வண்டியிலும் டெலஸ்கோப்பிக்தான். சிறிய வண்டியில் விலையும் எடையும் இடிக்கின்றன, பந்தய வண்டியில் ஓட்டுநரின் கையுணர்வு முந்திக்கொள்கிறது. மூட்டை முடிச்சோடு நாள் முழுக்க ஓடும் கனமான வண்டிக்கு மட்டுமே அந்தக் கூடுதல் இரும்பு லாபம். ஹோண்டாவும் 2018 கோல்ட்விங்கில் கார் போன்ற இரட்டைக் கை அமைப்பை வைத்தது இதே காரணத்தால்தான்.

பந்தயத்தில் ஜெயிக்கும் வண்டிகளில் இருப்பதுதானே உயர்ந்தது என்று கேட்கலாம். பந்தயம் ஒரு சான்றுதான், ஆனால் ஒருதலைச் சான்று. பல பத்தாண்டுகளாக டயரும் சேஸியும் ஓட்டும் முறையும் டெலஸ்கோப்பிக்கைச் சுற்றியே வளர்ந்தவை. மூக்கு குனிவதை வைத்தே பிடிமானத்தை அளந்து பழகிய ஓட்டுநருக்கு, குனியாத வண்டி ஊமையாகத் தெரிகிறது. 1980-களில் எல்ஃப் பந்தய அணியின் மாற்று வடிவ வண்டிகள் மோதிக்கொண்ட சுவரில் இந்தப் பழக்கமும் ஒரு செங்கல். ஏ.பி.எஸ். வந்தபிறகு இந்தப் பேச்சே எதற்கு என்பது இன்னொரு கேள்வி. ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், எடை முன்னால் சாய்வதை அதனால் நிறுத்த முடியாது.

கடைசியில் எல்லாம் வந்து நிற்கிற இடம் மெக்கானிக் கடை. செட்டிநாட்டின் செம்மண் புழுதி ஃபோர்க் குழாயில் படிந்து ஆயில் சீலை அரிக்கும். சீல் போனால் குழாயில் எண்ணெய்க் கோடு தெரியும், கவனிக்காமல் விட்டால் அது பிரேக் வரை இறங்கும். ஆனால் அந்த சீலை மாற்றத் தெரியாத மெக்கானிக் இந்தப் பகுதியில் இருக்க மாட்டார், சாமானும் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். கை வைத்த அமைப்புகளில் ஒவ்வொரு மூட்டிலும் புஷ் என்ற தேயும் வளையம் உண்டு. தேய்ந்தால் முன்சக்கரம் ஆடும், எந்த மூட்டு என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. 1993-இல் கார் பாணி முன்பக்கத்தோடு வந்த யமஹா ஜி.டி.எஸ்.1000 அதிகம் விற்காமல் போனதற்கு விலையும் ஒரு காரணம். ஹோண்டா ஆக்டிவாகூட 2020-இல் தன் பழைய கீழ்க்கை அமைப்பை விட்டுவிட்டு டெலஸ்கோப்பிக்குக்கு மாறியது. அதோடு முன்சக்கரம் 10 அங்குலத்திலிருந்து 12 ஆனதால், கிடைத்த சொகுசு முழுவதையும் ஃபோர்க்கின் கணக்கில் எழுதிவிட முடியாது.

அதற்காகப் புதுமை எல்லாம் வீண் என்று சொல்வது தவறு. பின்சக்கரம் ஆடாமல் சட்டத்தோடு இறுகியிருந்ததே வழக்கமாக இருந்த காலத்தில், பின்சக்கரத்தை மேலும் கீழும் அசையவிடும் ஸ்விங் ஆர்மோடு வந்தது 1949-இன் புல்லட். 1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டுகளில் ஏறியவர்கள் யாரும் அதை விசித்திரம் என்று நினைக்கவில்லை. 1970-களில் மோட்டோகிராஸ் பந்தய வண்டிகளில் புதுமையாக இருந்த மோனோ ஷாக் (பின்னால் ஒற்றை ஷாக் அப்சார்பர்) இன்று கல்லூரி மாணவரின் பைக்கில் இருக்கிறது. இரண்டும் சவாரியைக் கண்கூடாக மாற்றின, பழுதுபார்ப்பையும் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோகவில்லை. முன்பக்க மாற்றுகள் இந்த இரண்டாவது தேர்வில்தான் தோற்கின்றன.

ஆகவே தினசரி ஓட்டத்துக்கு டெலஸ்கோப்பிக்கே போதும் என்பது என் முடிவு. நெடுந்தூரம் பாரத்தோடு போகிறவர், விலை தாங்குமென்றால், மாற்று அமைப்பைத் தயங்காமல் வாங்கலாம், ஆனால் அதன் புஷ்ஷை மாற்றிக்கொடுக்கும் சர்வீஸ் சென்டர் மதுரையிலா, சென்னையிலா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வேகத்தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சக்கரம் ஏறும் நொடியில் முன் பிரேக்கை விட்டுவிடுங்கள். செலவான அசைவு ஃபோர்க்குக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.