கேட்பதும் ஓதுவதும்: பதிவு செய்யப்பட்ட ஜெப வேளைகள் பற்றி

மதத்தைப் பற்றி நம் வட்டத்தில் எழுதுகிறபோது நம்பிக்கை, சடங்கு, நிறுவனம் என்று இந்த மூன்றையே சுற்றிச் சுற்றி வருகிறோம். நேரத்தைத் தொடுவதில்லை. ஒரு நாளை எத்தனையாகப் பிரிப்பது, அந்தப் பிரிவை எந்த ஓசையால் அறிவிப்பது, ஓசை கேட்டதும் யார் எழுந்து வரவேண்டும், யார் வராமல் வேலையைத் தொடரவேண்டும் என்பதெல்லாம் கோட்பாட்டுப் பேச்சுக்கு லாயக்கற்ற சில்லறை விவகாரமாகவே நமக்குப் படுகிறது. கிறிஸ்தவத் துறவு மரபின் ‘வேளை ஜெபம்’ இன்று கைபேசிக்கும் இயர்போனுக்கும் வந்து சேர்ந்திருக்கும் நிலையில் இந்தச் சில்லறையைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. நான் ஜெபிக்கிற ஆள் இல்லை. தமிழ் படித்தவன். ஓதுதல், பாராயணம், கேள்வி என்ற சொற்களோடு கொஞ்சம் பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் (நம்மூர்க் கத்தோலிக்கர்களுக்கு ஆசீர்வாதப்பர்) தன் மடத்துக்கு எழுதிய ஒழுங்கு நூல் பகலில் ஏழு தடவையும் இரவில் ஒரு தடவையும் துறவிகள் கூடிப் பாட வேண்டும் என்று விதிக்கிறது. மாட்டின்ஸ், லாட்ஸ், ப்ரைம், டெர்ஸ், செக்ஸ்ட், நோன், வெஸ்பர்ஸ், கம்ப்ளின் என்று பின்னால் நிலைத்த பெயர்கள். பாடுவது பெரும்பாலும் சங்கீதங்கள். வரிசை பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் 150 சங்கீதமும் ஒரு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும் என்பதில் பெனடிக்ட் கறார். 1549இல் இங்கிலாந்தில் க்ரான்மரின் பொது ஜெப நூல் இந்த எட்டையும் காலை, மாலை என இரண்டாகச் சுருக்கியது. கத்தோலிக்கத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் ப்ரைமை எடுத்துவிட்டது. 1970இல் ஆறாம் பவுல் வெளியிட்ட சீர்திருத்தம் ஒரு வாரச் சுற்றை நான்கு வாரமாக நீட்டியது. தமிழில் இதற்குத் ‘திருப்புகழ்மாலை’ என்று பெயர்.

பூக்கோவைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் உடனே பொறி தட்டும். பள்ளிக்கூடம், பட்டறை, மருத்துவமனை ஆகியவற்றின் கால அட்டவணை துறவு மடங்களிலிருந்து வந்த பழைய சொத்து என்று அவர் 1975இல் எழுதினார். மறுப்பதற்கில்லை. ஆனால் ‘மடம் = தொழிற்சாலைச் சங்கு’ என்று சமன்பாடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது சோம்பேறித்தனம். பெனடிக்ட்டின் மணி நம் கடிகார மணி இல்லை. சூரியன் எழுவதிலிருந்து விழுவது வரையிலான பொழுதைப் பன்னிரண்டாகப் பிரிக்கும் ரோமானியக் கணக்கு அது. கோடையில் மணி நீளும், குளிர்காலத்தில் குறுகும். குளிர்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என இரவு எழுகிற நேரமே மாறுகிறது. ஒன்பதாம் மணி ஜெபமான நோன் பிற்பகலிலிருந்து மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து உச்சிவேளைக்கு வந்ததால்தான் ஆங்கிலத்தில் நண்பகலுக்கு ‘நூன்’ என்று பெயர் ஆயிற்று. இப்படி நெளிந்து கொடுக்கிற நேரம் எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது.

பூக்கோ தொடாத இன்னொரு பக்கம் நமக்கு முக்கியம். மடத்துக்குள்ளேயே எல்லோரும் இந்த நேரத்துக்கு உரியவர்களாக இருக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் சிஸ்டர்சியன் மடங்களில் ‘கான்வெர்சி’ என்றொரு பிரிவினர் இருந்தார்கள். உடலுழைப்புக்கென்று சேர்க்கப்பட்ட சகோதரர்கள், பெரும்பாலும் உழவர்கள். நிலம், ஆடு, ஆலை எல்லாம் இவர்கள் கையில். இவர்களுக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளத் தடை. பரலோக மந்திரமும் இன்னும் இரண்டு மூன்று ஜெபமும் மனப்பாடமாகத் தெரிந்தால் போதும். உள்ளே இருப்பவர்கள் லத்தீனில் சங்கீதம் பாடிக்கொண்டிருக்கும் வேளையில் இவர்கள் வேலை செய்கிற இடத்திலேயே பரலோக மந்திரத்தைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சொல்லிவிட்டு மறுபடி மண்வெட்டியை எடுக்க வேண்டும். பழைய ஜெபமாலையின் 150 மங்கள வார்த்தை ஜெபம்கூட எழுத்தறியாதவர்களுக்கான 150 சங்கீதம் என்றுதான் மரபாகச் சொல்வார்கள். பெண் மடங்களிலும் இந்தப் பாகுபாடு உண்டு. வேலைக்காரச் சகோதரிகளை ஒரே வகுப்பாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்ல 1965 ஆக வேண்டியிருந்தது. புத்தகம் யார் கையிலோ நேரமும் அவர் கையில் என்றிருந்த ஏற்பாடு இது.

இந்தப் பின்னணியில் பார்த்தால் ஒலிப்பதிவு சாதாரண விஷயமில்லை. படிக்கத் தெரியாதவர், கண் தெரியாதவர், லாரி ஓட்டுகிறவர், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவர், இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் என யார் வேண்டுமானாலும் லாட்ஸைக் கேட்கலாம். பி.பி.சி. வானொலி 1926 முதல் வாராவாரம் மாலை ஜெபத்தை ஒலிபரப்பியதும் 1930இல் பிரான்ஸின் சொலெம் மடத்துத் துறவிகள் கிராமபோன் தட்டுக்குப் பாடியதும் இதன் தொடக்கங்கள். இன்று ப்ரொவான்ஸில் ஜூக் மடத்துப் பெனடிக்டைன் கன்னியர் பாடிய அன்றாட ஜெபங்களை 7,000 மணி நேரத்துக்கும் மேல் பதிவுசெய்து ‘நியூம்ஸ்’ என்ற செயலி தருகிறது. அந்தந்த நாளின் அந்தந்த வேளைக்கு உரியதை எடுத்துக் கொடுத்து, லத்தீன் வரியையும் அதன் பொருளையும் கூடவே காட்டுகிறது. இங்கிலாந்துத் திருச்சபையும் காலை, இரவு ஜெபங்களை ஒலிவடிவில் கொடுக்கிறது.

‘இயந்திரத்துக்குள் போனதும் புனிதம் போச்சு’ என்று சொல்கிறவர்கள் உண்டு. பெஞ்சமினின் 1936ஆம் ஆண்டுக் கட்டுரையை அரைகுறையாக வாசித்தவர்கள் இதைத்தான் சொல்வார்கள். இன்று ‘ஆதி கிரிகோரியன் இசை’ என்று நாம் கேட்பதே இயந்திர மறுஉற்பத்தியின் குழந்தை என்பதுதான் வேடிக்கை. பிரெஞ்சுப் புரட்சியில் மூடப்பட்டு 1833இல் ப்ரொஸ்பேர் கெரான்ஜேயால் மீண்டும் தொடங்கப்பட்ட மடம் சொலெம். சிதைந்து கிடந்த பாடல் மரபை மீட்க அங்கிருந்தவர்கள் ஐரோப்பிய நூலகங்களின் ஏடுகளை நகலெடுத்தார்கள், புகைப்படம் பிடித்தார்கள். 1889 முதல் மொக்கெரோ அந்தப் படங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டுப் பாட பேதம் பார்த்து உண்டாக்கிய பிரதி அது. (உ.வே.சா. காலத்து நம் பதிப்பு வேலையை நினைத்துக்கொள்ளுங்கள்.) கேமரா முதலில், குரல் பிறகு. ஆகவே மூலத்தின் தூய்மையை வைத்துக்கொண்டு பதிவை அடிக்க முடியாது.

அடிக்க வேண்டிய இடம் சந்தை. ஸ்பெயினின் சாந்தோ டொமிங்கோ டெ சிலோஸ் மடத்துத் துறவிகளின் பழைய பதிவுகள் 1994இல் ‘சாண்ட்’ என்ற பெயரில் வெளியாகி, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறின. மன அழுத்தத்துக்கு மருந்து என்றுதான் விற்றார்கள். பட்டியலில் அது எந்த வேளைக்கு உரிய பாட்டு, எந்தத் திருநாளுக்கு உரியது என்பதற்கெல்லாம் வேலையே இல்லை. வேளை கழன்று போய் ‘மூட்’ மட்டும் மிஞ்சியது. இன்றைக்குத் தூக்கத்துக்கு, படிப்புக்கு, தியானத்துக்கு என்று மணிக்கணக்கில் ஓடும் தொகுப்புகள் அதே கைவரிசையின் தொடர்ச்சி. நள்ளிரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்புவதற்கென்று உருவான பாட்டு தூங்கவைக்க விற்கப்படுகிறது.

சரி, சந்தையைத் தள்ளிவிட்டு உண்மையாகவே வேளை ஜெபத்துக்காக ஒருவர் பதிவைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். யார் ஜெபிக்கிறார்கள்? பாடியவரா, கேட்பவரா? மடத்தில் பாடுகிற முறையைக் கவனித்தால் கேள்வி இன்னும் சிக்கலாகும். பாடகர் வரிசை இரண்டாகப் பிரிந்து எதிரெதிரே நிற்கும். ஒரு வசனத்தை இந்தப் பக்கம் பாட, அடுத்ததை அந்தப் பக்கம் பாடும். ஒவ்வொரு வசனத்தின் நடுவிலும் ஒரு நிறுத்தம். எல்லோரும் சேர்ந்து மூச்சு வாங்கி, கல் சுவரின் எதிரொலி அடங்கக் காத்திருந்து பிறகு தொடர்வார்கள். இதன் பொருள், எந்த நேரத்திலும் பாதிப் பேர் சும்மா நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது. கேட்பது ஜெபத்துக்கு வெளியே இல்லை, அதன் சரிபாதி. தன் முறை வரும்வரை கேட்பவரும், தன் முறையென்று ஒன்று இல்லாமலே கேட்பவரும் ஒன்றா என்பதுதான் பிரச்சினை. பதிவு இரண்டு பக்கத்தையும் தானே நிரப்பிக்கொள்கிறது. கேட்பவருக்கு இடம் ஒதுக்குவதில்லை. பதிவோடு கூடப் பாடுகிறவர்கள், ஒரு பக்கத்து வசனங்களை மட்டும் தனதாக்கிப் பாடிப் பார்க்கிறவர்கள், அந்த இடத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த அம்சம். பதிவு கொடுக்காத உரிமை இது.

தமிழில் ‘கேள்’ என்ற வினை மூன்று வேலை செய்கிறது. காதால் கேட்பது ஒன்று. ‘சொன்ன பேச்சைக் கேள்’ என்னும்போது கீழ்ப்படிவது. ‘எனக்கு இது வேண்டும்’ என்று கேட்பது மூன்றாவது. லத்தீனிலும் கீழ்ப்படிதலுக்கான சொல்லுக்குள் செவி இருக்கிறது. பெனடிக்ட்டின் நூல் தொடங்குவதே சீடனைக் கேட்கச் சொல்லித்தான். மடத்து மணி அடித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அது இரண்டாம் அர்த்தத்துக் கேட்டல். கைபேசியில் நிலைமை தலைகீழ். நான் கேட்டால் அது பாடுகிறது. நிறுத்து என்றால் சங்கீதத்தின் நடுவில் நிற்கிறது, அரை மணி கழித்துத் தொடர்கிறது. முதலாம் அர்த்தம் இருக்கிறது, மூன்றாம் அர்த்தம் வீங்கியிருக்கிறது, இரண்டாவது காணாமல் போயிருக்கிறது. அதிகாரம் ஒழிந்தது என்று நாம் கைதட்ட வேண்டுமா? அவசரப்பட வேண்டாம். வெஸ்பர்ஸ் முடிந்த மறுநொடி தானாக ஓடத் தொடங்கும் அடுத்த காணொளி, இரண்டு சங்கீதத்துக்கு நடுவில் நுழையும் பிஸ்கெட் விளம்பரம், எந்த மணிக்கு எழுந்து எதைக் கேட்டேன் என்று குறித்து வைத்துக்கொள்ளும் தளம் எல்லாம் முகமில்லாத மடாதிபதிகள். பழைய மடாதிபதியோடாவது சண்டை போடலாம்.

பெனடிக்ட்டிடமே இரண்டு விதிகள் உண்டு, இந்த விவாதத்தில் யாரும் எடுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. ஒன்று 50ஆம் அதிகாரம். தொலைவில் வேலை செய்கிறவர்கள், பயணத்தில் இருப்பவர்கள் உரிய வேளைக்குக் கோவிலுக்கு வர முடியாவிட்டால் இருக்கிற இடத்திலேயே ஜெபிக்கலாம் என்கிறது. தொலைவிலிருந்து வேளை காப்பது, ஆக, இணையத்தின் கண்டுபிடிப்பு இல்லை. இன்னொன்று 43ஆம் அதிகாரம். இரவு ஜெபத்தின் தொடக்கத்தில் வரும் 94ஆம் சங்கீதத்தை நன்றாக இழுத்து மெதுவாகப் பாடச் சொல்கிறது. காரணம், தூக்கக் கலக்கத்தில் தாமதமாக வருகிறவன் அது முடிவதற்குள் வந்து சேரட்டும் என்பது. கண்டிப்பான நூலுக்குள் இப்படியொரு ஈரம். ஒரு சமூகம் தன் பாட்டின் வேகத்தைக் கடைசி ஆளின் நடைக்கு ஏற்ப வைத்துக்கொள்கிறது. பதிவு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும், அது மின்சாரத்தின் பொறுமை. எனக்காக வேகத்தைக் குறைக்காது. நான் வராததை அறியாது.

2020 மார்ச்சில் கோவில்கள் பூட்டப்பட்டபோது நடந்த ஒன்றை இங்கே வைத்துப் பார்க்கலாம். கான்டர்பரி பேராலயத்தின் டீன் ராபர்ட் வில்லிஸ் தன் வீட்டுத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தினமும் காலை ஜெபத்தைக் காணொளியாக அனுப்பினார். 2022இல் ஓய்வு பெறும்வரை தொடர்ந்தார் (2024இல் இறந்துபோனார்). பாடகர் குழு இல்லை, கல் மண்டபத்து எதிரொலி இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பூனை அவர் அங்கிக்குள் புகுந்து மறைந்தது. இன்னொரு பூனை பாலைக் குடித்தது. உலகம் முழுக்கச் சிரித்தார்கள், பகிர்ந்தார்கள், மறுநாளும் வந்தார்கள். வெறும் பூனை வேடிக்கை என்று இதை ஒதுக்க எனக்கு மனமில்லை. நேற்று மழை, இன்று வெயில், இவருக்குக் கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கிறது என்று கேட்கிறவருக்குத் தெரிந்தது. இன்னொருவருடைய ‘இன்று’ அங்கே இருந்தது. பிசிறில்லாத ஸ்டுடியோ சங்கீதத்தில் அகப்படாதது அந்த இன்றுதான். ஜூக் கன்னியரின் பதிவு ஸ்டுடியோவில் செய்யப்பட்டதைவிட உயிரோடிருப்பதற்கும் காரணம், அவர்கள் அன்றைக்கு எப்படியும் பாடியிருக்கக்கூடிய ஜெபம் அது என்பதே.

நேரலை இருக்கிறதே, அது எல்லாவற்றையும் தீர்த்துவிடாதா என்று ஒரு தோழர் கேட்டார். பிரான்ஸில் மாலை ஐந்தரைக்கு வெஸ்பர்ஸ் என்றால் இங்கே கோடையில் இரவு ஒன்பது. அவர்கள் கடிகாரத்தை மாற்றியபின் குளிர்காலத்தில் பத்து. விளக்கு வைக்கிற வேளையின் ஜெபம் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்த பிறகு வருகிறது. அவர்களுடைய ‘இன்று’ வேண்டுமென்றால் நம்முடைய பொழுதை விட வேண்டும். நம் பொழுது வேண்டுமென்றால் பதிவுக்குப் போக வேண்டும். அந்தத் தோழருக்கு ஒரு தொழிற்கூடத்தில் இரவு ஷிப்ட். அங்கே நாளைப் பிரிப்பது சங்கு. காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து பேருந்தில் உட்காரும்போது இயர்போனில் அவர் போட்டுக் கேட்பது லாட்ஸ் இல்லை, கம்ப்ளின். படுக்கப்போகிற வேளைக்கு உரியது எதுவோ அதைத்தானே கேட்க வேண்டும் என்கிறார். வெளியே விடிந்துகொண்டிருக்கிறது.