பிரட்டுக்களத்துச் சேதியும் கைப்பேசிச் சேதியும்

விடியற்காலை பிரட்டுக்களத்தில் ஒருவர் வாயில் பிறந்த சேதி, பால் எடுக்கும் நேரத்திற்குள் மேட்டு லயத்திலிருந்து பள்ளத்து லயம் வரை போய்ச் சேர்ந்துவிடும். நம் பெற்றோர் கண்ட காட்சி அது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிரட்டுக்களத்தின் வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. இன்று மழை வலுத்தால் நம் கண் வானத்தை நாடுவதில்லை, புலனம் என்கிற வாட்ஸ்அப்பைத்தான் நாடுகிறது. அதில் வரும் சேதி உயிரைக் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும். எப்படி என்று பார்ப்போமா?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்து இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். நிலநடுக்கம், கடல் கொந்தளிப்பு என்ற செய்தியை அறிந்ததும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். வீட்டார் ஊராரிடம் ஓடினர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி ஊர் முழுவதையும் எச்சரித்தது. வீடுகளும் படகுகளும் போயின. ஆனால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தார்கள்!

கவனித்தீர்களா? ஊருக்குள் இருந்தவர்களுக்குத் தெரியாத சேதி, ஊரைவிட்டுப் போனவரிடமிருந்து வந்தது. கிள்ளானில் கட்டிக்கொடுத்த மகளும், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மருமகனும் நமக்கு உறவு மட்டுமல்ல, ஆபத்தில் நமக்குக் கண்களும் அவர்களே.

2021 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. கோலாலம்பூரில் ஒரு மாதத்துச் சராசரி மழையைவிட அதிகமாக ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மாடிகளிலும் கூரைகளிலும் சிக்கியவர்கள் முகநூலிலும் டுவிட்டரிலும் குரல் கொடுத்தார்கள். அதைக் கண்டு முன்பின் தெரியாதவர்கள் படகுகளோடு விரைந்தார்கள். நம் நெகிரி செம்பிலானும் அந்த வெள்ளத்திற்குத் தப்பவில்லை. நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இனி மறுபக்கம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு புரளி பறந்தது. பண்ணையே மறுக்க வேண்டியதாயிற்று. பயந்தவன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குவானா, பக்கத்து வீட்டுக்காரரைத் தூக்கிவர? பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். ஆனால் கைப்பேசியில் அதற்கு இறக்கையே உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் டுவிட்டரில் பரவிய சேதிகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு இது: மெய்யைக் காட்டிலும் பொய் வேகமாகவும் தூரமாகவும் போகிறது. புதுமையும் திகைப்பும் இருந்தால் நம் விரல் சும்மா இருப்பதில்லை அல்லவா?

பொய்யைப் போலவே பழைய சேதியும் கேடுதான். காலையில் காப்பாற்றப்பட்ட குடும்பத்தின் முகவரி இரவிலும் சுற்றினால், படகு காலி வீட்டுக்குப் போகும். உண்மையில் தவிப்பவர் காத்துக் கிடப்பார். சென்னைத் தொண்டர்கள் உதவி கேட்டவர்களைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொண்டது இதனால்தான்.

ஆகவே, அடுத்த அடைமழைக்கு முன் இவற்றை நெஞ்சில் நிறுத்துங்கள்:

ஆபத்தென்றால் முதலில் 999. புலனம் அதற்குப் பிறகுதான்.

உதவி கேட்டு எழுதும்போது தோட்டம், லயம், ஆட்களின் எண்ணிக்கை, தேதி, நேரம் எல்லாம் இருக்கட்டும். உதவி வந்ததும் 'மீட்கப்பட்டோம்' என்று எழுதத் தவறாதீர்கள்.

கண்ணால் கண்டவர் யார் என்று தெரியாத சேதியை அனுப்பாதீர்கள். ஆற்று நீர்மட்டத்தை வடிகால், நீர்ப்பாசனத் துறையின் 'இன்ஃபோ பஞ்சிர்' பக்கத்தில் பாருங்கள். சந்தேகமான சேதிக்கு, 2017இல் தொடங்கிய 'செபெனார்ஞா' பக்கம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நல்லவாட்டில் சேதி கடல் கடந்து தொலைபேசியில் வந்தது. ஆனால் வீடு வீடாய்ச் சேர்த்தது ஒலிபெருக்கிதான். உங்கள் லயத்துக் கடைசி வீட்டுப் பாட்டியிடம் கைப்பேசி இருக்கிறதா? இல்லையென்றால் அவருக்குச் சேதி நீங்கள்தான். கதவைத் தட்டிவிட்டு வாருங்கள்.