பாதயாத்திரைக்குப் புறப்படுமுன்

தைப்பூசம் நெருங்கும்போது தாமிரபரணிக் கரைச் சாலைகள் அடியார் கூட்டத்தால் நிறைகின்றன. திருநெல்வேலியிலிருந்து கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் வழியாகத் திருச்செந்தூர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரம். அம்பாசமுத்திரம், தென்காசி வட்டாரத்தாருக்கு வழி இன்னும் நீளம். வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்போர் பலர். போர்வையும் கட்டுச்சோறும் எடுத்துக்கொள்ள மறவாத நாம், பத்திரங்களைப் பற்றி எண்ணுவதில்லை. வழியில் ஒருவருக்கு விபத்து நேர்ந்தால், அவர் யார், எவ்வூரார், காப்பீடு உண்டா என்று சொல்ல ஆளில்லாமல் குடும்பம் தவிக்க நேரிடுகிறது.

உடன் வேண்டியவை

ஆதார் அட்டையின் நகல் ஒன்று போதும். குடும்ப அட்டை வீட்டிலேயே இருக்கட்டும். மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நகலையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு தாளில் பெயர், ஊர், இரத்த வகை, உட்கொள்ளும் மருந்துகள், வீட்டார் இருவரின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றை எழுதி உடன் வைத்துக்கொள்ளவேண்டும். பூட்டிய கைப்பேசியைப் பிறரால் திறக்க இயலாது. தாளை எவரும் படிக்கலாம். ஆற்றிலும் கடலிலும் நீராடுவோர் இவற்றை நீர் புகாத உறையில் இடுவது அவசியம்.

வங்கி அட்டையை அவரவரே வைத்துக்கொள்க. குழுவின் அட்டைகள் அனைத்தையும் ஒருவர் பையில் சேர்த்தால், அப்பை தொலையும்போது எல்லோரும் கையறு நிலைக்கு ஆளாவர். இரகசிய எண்ணை அட்டையின்மேல் எழுதுதல் பெருந்தவறு. அட்டை தொலைந்தால் உடனே வங்கிக்குச் சொல்லி அதை முடக்கவேண்டும். ஏமாற்றிப் பணம் பறிக்கப்பட்டால் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும்.

இருபது ரூபாயின் மதிப்பு

2015-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில், 18 முதல் 70 வயது வரையுள்ள வங்கிக் கணக்குதாரர் எவரும் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணம். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிகிறது. கட்டணம் பிடிக்கும் வேளையில் கணக்கில் 20 ரூபாய் இல்லையெனில் காப்பீடு அற்றுப்போகும். ஆகவே, யாத்திரைக்கு முன் கணக்குப் புத்தகத்தில் வரவு செலவைப் பதியச் செய்து, கட்டணம் பிடிக்கப்பட்டதா என்று பார்ப்பது நலம்.

ஜன்தன் கணக்கின் ரூபே அட்டையோடும் விபத்துக் காப்பீடு உண்டு. ஆனால் விபத்துக்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஒரு முறையேனும் அட்டையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது விதி. பெட்டியில் பூட்டிவைத்த அட்டை பயன் தராது. வாரிசுதாரராக நியமிக்கப்பட்டவர் பெயர் சரியாக உள்ளதா என்பதையும் கிளையில் கேட்டறிக.

தமிழ்நாட்டில் சாலை விபத்துக்கு உள்ளானோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் 18-இல் தொடங்கியது. அட்டை இல்லையே என்று தயங்காமல் 108-ஐ அழைக்கவேண்டும். காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெற்று வைப்பதும் இன்றியமையாதது. காப்பீட்டுத் தொகை கோரும்போது அது தேவைப்படும்.

பஞ்சாயத்தார் கடமை

பிசானப் பயிர் வயலில் நிற்கும் நாளில் வீட்டுத் தலைவர் யாத்திரை போகிறார். காப்பீடு இருப்பதை அவர் மட்டுமே அறிந்திருந்தால் அது இல்லாததற்கு ஒப்பாகும். கணக்குப் புத்தகம் எங்கே, எந்தக் கிளை, எந்தக் காப்பீடு என்பதை மனைவியிடமோ மக்களிடமோ சொல்லிவிட்டே புறப்படவேண்டும்.

நவம்பர் 1-ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. கார்த்திகை, மார்கழி, தை மாத யாத்திரைகளுக்கெல்லாம் முந்திய அக்கூட்டத்தில் உறுப்பினர்கள் இவற்றை எடுத்துரைக்கலாம். வங்கி ஊழியர் ஒருவரை அன்று அழைத்தால் சேராதவரையும் சேர்க்கலாம். குழுவாகப் புறப்படுவோரின் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைக்கலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. ஒரு மாலைப்பொழுதின் உழைப்பே போதும். நடந்து செல்வோர் மன அமைதியோடு செல்லவும், வீட்டில் இருப்போர் அச்சமின்றி இருக்கவும் அவ்வுழைப்பு துணைநிற்கும் என்று நாம் நம்புகிறோம்.